1873 கோல்ட்டா, க்ளாக் 17-ஆ?

அமெரிக்க ராணுவம் 1873-ல் எடுத்துக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில், ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்னால் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் தோட்டா அறைகள் உள்ள உருளை சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். விரலால் அழுத்தும் விசைக்கு (டிரிகர்) சுத்தியலை விடுவிக்கும் வேலை மட்டும்தான். சுட்டு முடித்தால் காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். ஆறு அறை இருந்தும் விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் நிரப்பி, சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவார்கள். கீழே விழுந்தால் வெடித்துவிடும் என்ற பயம்.

1982-ல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த க்ளாக் 17 கைத்துப்பாக்கியில் 17 தோட்டா. சுட்ட வேகத்திலேயே அடுத்தது ஏறிவிடும். விழுந்தாலும் வெடிக்காதபடி உள்ளே தடுப்புகள் உண்டு. பயன்பாடு என்று பார்த்தால் க்ளாக்தான், சரி. ஆனால் இயங்குவதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிற இயந்திரம் என்பதால் எனக்கு கோல்ட்தான் பிடிக்கும்.