ஆய்வுக்கூடக் குரங்குக்கு முதல் தேவை இன்னொரு குரங்கு

ஆய்வுக்கூடக் குரங்குகளின் மனநலத்தைக் கவனிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும், பல இடங்களில் முதலில் நடப்பது பொம்மை வாங்குவது. ரப்பர் உருளை, கண்ணாடி, பிளாஸ்டிக் சங்கிலி. கூண்டில் தொங்கவிட்டு, படிவத்தில் குறித்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் குரங்கு அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தனியாக அடைபட்ட குரங்குக்கு எத்தனை பொம்மை கொடுத்தாலும் அது தனிக் குரங்குதான். துணை முதலில், உயரமான கூண்டு அடுத்தது, தேடித் தின்னும் வேலை அதற்கடுத்தது. பொம்மை கடைசி.

சிங்கப்பூரில் மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கக் காடுகள் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. அங்கே நாம் பார்க்கும் நீளவால் குரங்குதான் மருந்துப் பாதுகாப்புச் சோதனைகளில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது. கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒன்று படுத்திருக்கும், இன்னொன்று அதன் முதுகு முடியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். குட்டி தாயின் வயிற்றைக் கவ்விப் பிடித்திருக்கும். மற்றவை இலைச் சருகைப் புரட்டித் தீனி தேடும். இப்படி வாழப் பிறந்த உயிரைத்தான் நாம் எஃகுக் கூண்டில் வைக்கிறோம்.

குரங்கினங்களின் மனநலத்துக்கு உகந்த சூழல் தர வேண்டும் என்று அமெரிக்கா தன் விலங்குநலச் சட்டத்தில் 1985இல் சேர்த்தது. சிங்கப்பூரில் 2004 முதல் ஆய்வு விலங்குகளுக்கெனத் தனி விதிகளும் தேசிய ஆலோசனைக் குழுவின் வழிகாட்டி நெறிகளும் உண்டு. ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்துக்கும் கூடத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் கேட்க வேண்டும்: இந்தக் குரங்கைத் தனியாக வைப்பது ஏன், எத்தனை நாளுக்கு? பதில் எழுத்தில் வர வேண்டும்.

கூண்டின் அளவில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம். 3 முதல் 10 கிலோ எடையுள்ள ஒரு குரங்குக்கு அமெரிக்க விதி கேட்கும் குறைந்தபட்சத் தரைப்பரப்பு 4.3 சதுர அடி, உயரம் 30 அங்குலம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, மூன்று வயதைக் கடந்த மக்காக் குரங்குகளின் (நீளவால் குரங்கும் இந்த வகைதான்) கூண்டுக்குக் குறைந்தது 2 சதுர மீட்டர் தரை, 1.8 மீட்டர் உயரம், 3.6 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். தரை, உயரம் இரண்டில் நான் மதிப்பது உயரத்தை. பயந்தால் குரங்கு ஓடுவது மேலே. மனிதனின் கண்மட்டத்துக்கு மேல் உட்கார ஒரு பலகை இருந்தால், நாம் அறைக்குள் நுழையும்போது அது பதறுவது குறையும். அடுக்குக் கூண்டுகளில் கீழ்த்தட்டில் இருப்பதற்கு இந்த வழியே கிடையாது. வெளிச்சமும் குறைவு, நம் கால்தான் கண்ணுக்கு நேரே. பழைய அடுக்குக் கூண்டுதான் இருக்கிறதென்றால், நடுத் தட்டில் திறப்பு வைத்து மேலும் கீழும் ஒரே வீடாக்குங்கள்.

உட்காரும் பலகையை வைக்கும்போது வாலை மறந்துவிடுகிறார்கள். நீளவால் குரங்கின் வால் உடம்பைவிட நீளம். பலகை தாழ்வாக இருந்தால் வால் ஈரத் தரையில் கிடக்கும். பக்கத்துக் கூண்டை ஒட்டியிருந்தால் அடுத்த குரங்கு எட்டிப் பிடித்துக் கடிக்கும். வழுக்கும் உலோகக் குழாயைவிடத் தட்டையான பலகை நல்லது. குரங்கு கீழே நழுவிவிடாமல் நிம்மதியாகப் படுத்திருக்கும்.

இனி ஜோடி சேர்ப்பது. அவசரப்பட்டால் ரத்தம்தான். முதலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒன்றையொன்று பார்க்கும்படி, கடிக்க முடியாத தடுப்பு போட வேண்டும். சில நாள் கவனியுங்கள். ஒன்று நெருங்கும்போது இன்னொன்று விலகுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டுகிறதா? பார்க்கச் சிரிப்பதுபோல இருக்கும். ஆனால் அது ‘நீ பெரியவன், நான் அடங்கிப்போகிறேன்’ என்பதற்கான அடையாளம். இந்த அடையாளங்கள் ஒரே பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் யார் மேல், யார் கீழ் என்று தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டும் மாறி மாறி மிரட்டினால் தடுப்பை எடுக்காதீர்கள், துணையை மாற்றுங்கள்.

தீர்ந்துவிட்டால் இரண்டையும் இருவருக்கும் பழகாத ஒரு கூண்டுக்கு ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்றை விட்டால் வீட்டுக்காரன் விரட்டுவான். உணவுத் தட்டு இரண்டு, தண்ணீர் முனை இரண்டு, நடுவே பாதி மறைக்கும் ஒரு பலகை. அடி வாங்கியது அதன் பின்னே ஒதுங்கலாம். ஆனால் முட்டுச் சந்தாக இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் வழி வேண்டும். முதல் சில மணி நேரம் ஆள் விலகக் கூடாது. சின்ன விரட்டலுக்குப் பயந்து பிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆழமான கடி, ஓயாத துரத்தல், ஒன்று தின்ன வராமல் மூலையிலேயே கிடப்பது, இவற்றுக்குப் பிரித்தே ஆக வேண்டும். காயமே இல்லாவிட்டாலும் இளைக்கிறதா என்று எடை பாருங்கள். தீவனத்தை ஒன்றே பிடுங்கித் தின்பது தராசில்தான் தெரியும். வளர்ந்த ஆண் இரண்டைச் சேர்ப்பதுதான் கடினம், அதுவும் பெண் குரங்குகள் கண்ணில் படும் அறையில். வளர்ந்த ஆணோடு தாய்ப்பால் மறந்த இளம் குட்டியைச் சேர்ப்பது பெரும்பாலும் எளிது.

சேர்ந்த ஜோடியைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். மயக்க மருந்து கொடுத்த குரங்கு முழுதும் தெளியுமுன் துணையிடம் விடுவது பெரிய தப்பு. தள்ளாடும் குரங்கு அடங்கிப்போகும் சைகையைச் சரியாகக் காட்டாது, அடி விழும்.

தீனி வேலைக்கு வருவோம். தட்டில் போட்ட பிஸ்கட்டைக் குரங்கு சில நிமிடத்தில் முடித்துவிடும். அதையே ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைத்து விரலால் நகர்த்தி எடுக்கச் செய்யுங்கள். செயற்கைப் புல் விரிப்பில் சூரியகாந்தி விதை, தினை, உடைத்த சோளத்தைத் தூவிக் கூண்டின் பக்கச் சுவரில் மாட்டுங்கள். தரை உள்ள பெரிய கூண்டென்றால் மரத்தூள் பரப்பி அதில் தூவலாம். சண்டையும் குறையும். வடிகாலில் சல்லடை போடாவிட்டால் மட்டும் குழாய் அடைத்துக்கொள்ளும். நீளவால் குரங்கு நீந்தும் இனம், சதுப்புநிலத்தில் நண்டு பிடிக்கும். ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர் விட்டு உலர்திராட்சை போட்டுப் பாருங்கள். தூவும் விதையை அன்றைய மொத்த அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கொழுப்பேறும். குரங்குக்கு வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது. பழைய தீவன மூட்டையில் அது சிதைந்திருக்கும், எனவே தயாரித்த தேதியைப் பாருங்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் நாளுக்கு முன் விதை விரிப்பைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். இந்தக் குரங்குக்குக் கன்னப்பை உண்டு. தீவனத்தை நிறுத்தி மணிக்கணக்கான பிறகும் அதில் கடலை ஒளிந்திருக்கும். மயங்கியதும் அது தொண்டைக்குப் போனால் மூச்சுக் குழாய் அடைத்துக்கொள்ளும். வாயைத் திறந்து கன்னத்தை விரலால் வெளியிலிருந்து தடவி, உள்ளே இருப்பதைத் தள்ளி எடுங்கள்.

பொம்மை தொங்கவிடும் சங்கிலியும் ஆபத்துதான். கழுத்து நுழையும் அளவு வளைந்தால் இறுக்கிக்கொள்ளும். சங்கிலியைக் குட்டையாக வெட்டி, கெட்டியான குழாய்க்குள் செலுத்துங்கள். நார்க்கயிறு பிரிந்தால் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

முன்னும் பின்னும் ஓயாமல் நடப்பது, குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே இருப்பது, தன் கையைத் தானே கடிப்பது, முடியைப் பிடுங்குவது. இவற்றைக் கண்டால் புதுப் பொம்மை தேடாதீர்கள், அது எப்போது தனியாக்கப்பட்டது என்று கோப்பைப் பாருங்கள். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து வளர்த்ததென்றால் பழக்கம் முழுதும் மாறாமலே போகலாம். எட்டு மாதத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக் கூடாது என்று ஐரோப்பிய நெறிமுறை சொல்வதற்குக் காரணம் உண்டு.

நாம் நடந்துகொள்ளும் விதமும் இதில் சேர்த்தி. நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது குரங்குக்கு மிரட்டல். ஊசிக்குத் தொடையைத் தானாகக் காட்டப் பழக்க முடியும்: கம்பி அருகே வந்தால் பழத்துண்டு, விரலால் தொட விட்டால் பழத்துண்டு, பிறகு ஊசியில்லாத சிரிஞ்சு, பிறகுதான் ஊசி. மருந்து நாளில் மட்டும் சிரிஞ்சைக் காட்டினால் எல்லாம் பாழ். எவ்வளவு பழகினாலும் முகக்கவசமும் கண்கவசமும் கழற்றக் கூடாது. மக்காக் குரங்குகளில் பி வைரஸ் இருக்கலாம், மனிதனுக்குத் தொற்றினால் உயிரையே பறிக்கக்கூடியது. 1997இல் அமெரிக்காவில் குரங்கிடமிருந்து கண்ணில் தெறித்த துளியால் ஓர் ஊழியர் உயிரிழந்தார். தெறித்தால் உடனே 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஆள் குறையும். தீவனமும் தண்ணீரும் தவறாமல் போகும், விதை விரிப்பை மட்டும் யாரும் மாட்டுவதில்லை. விடுமுறைக்கு முன்பே பெட்டிகளை நிரப்பி, உறையவைத்த பழத்துண்டுகளைப் பைகளில் பிரித்து, எந்தக் கூண்டுக்கு எந்தப் பை என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மாற்று ஆளாக வருபவருக்கு எந்த ஜோடி யார் யார், எதில் எது மேல் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், முதலில் மேலிருப்பதற்குத் தின்னக் கொடுத்துவிட்டு மற்றதற்குக் கொடுப்பதற்காக.