டிரை ஐஸ் கிளவுட் சேம்பர்: கோடு விழ ஆரம்பித்தாச்சு

கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போன தடத்தை ஆல்கஹால் ஆவியில் மேகக் கோடாகக் காட்டும் தொட்டிதான் கிளவுட் சேம்பர். டிரை ஐஸால் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) குளிர்ந்த அதன் கறுப்புத் தகட்டுக்குச் சற்று மேலே மெல்லிய நேர்க்கோடுகள் வந்து வந்து கலைகின்றன. மியூவான்கள்தாம், எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்கள். எந்தக் காலத்திலோ வெடித்த ஒரு விண்மீனின் மிச்சம் விரட்டிவிட்ட புரோட்டான் வளிமண்டலத்தில் மோதுகிறது. அங்கே, 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் துகள் கூரையைத் துளைத்து இந்தத் தொட்டிவரை வருகிறது.

தொட்டியின் மேல்பக்கம் ஒட்டும் ஃபெல்ட் துணியை ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) விட்டு நனைக்கும் விவகாரமெல்லாம் தெரிந்ததே. 99% ஐபிஏதான் வேண்டும். 70% சரக்கில் இருக்கும் தண்ணீர் தகட்டில் உறைபனியாகப் படிந்து காரியத்தைக் கெடுக்கும்.

உயிரை வாங்குவது கீழ்த்தகடு. கோடு விழும் அடுக்கின் உயரமே ஏறக்குறைய 1 செ.மீ.தான். டிரை ஐஸ் −78 டிகிரியில் இருந்து பயனில்லை, அந்தக் குளிர் தகட்டுக்கு ஏற வேண்டும். கட்டியின் மேல் தகட்டை அப்படியே வைத்தால் கிளம்பும் வாயு இடையில் புகுந்துகொள்ளும், மேடுபள்ளம் வேறு. துணியில் சுற்றி உடைத்து, தூளை 2–3 செ.மீ. பரப்பி, 3 மி.மீ. அலுமினியத் தகட்டை மேலே வைத்து நன்றாக அழுத்த வேண்டும். மெல்லிய தகடு வேண்டாம், ஓரம் தூக்கிக்கொள்ளும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் அவசியம். சாய்ந்தால் ஆல்கஹால் ஒரு பக்கம் குளம் கட்டும். தொட்டி விளிம்பைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். நூலளவு இடுக்கு இருந்தாலும் உள்ளே காற்று சுழன்று கோடு பிசிறடிக்கும்.

பிறகு 10–15 நிமிடம் தொடக்கூடாது. தூறல் மட்டும் விழுந்து கோடே வரவில்லை என்றால் அடி போதிய அளவு குளிரவில்லை, அல்லது மேல்பக்கமும் குளிர்ந்துவிட்டது. மூடிமேல் ஒரு வெந்நீர்ப் பாத்திரம் வைத்தால் இரண்டாவது சரியாகும். டார்ச்சைத் தகட்டோடு ஒட்டி, எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவரை நோக்கிச் சாய்வாக அடிக்க வேண்டும். மேலிருந்து அடிக்கும் விளக்கு சுத்த வீண்.

சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்குச் சுமார் 1 மியூவான் என்று படித்துவிட்டு நீளக் கோடுகளை எண்ணினால் கணக்கு உதைக்கும். செங்குத்தாக வருபவை அந்த 1 செ.மீ. அடுக்கை மட்டுமே கடப்பதால், மேலிருந்து பார்க்க வெறும் புள்ளிதான். சாய்வாக வருபவைதாம் நீளக் கோடு.

குட்டையான, தடித்த கோடு ஆல்பா துகள். அது வானத்துச் சரக்கல்ல, மண்ணிலிருக்கும் யுரேனியம் சிதைந்து வரும் அதன் வாரிசான ரேடான் வாயு தருவது. அந்த யுரேனியமும் பூமிக்கு முன்பே விண்மீன் அழிவுகளில் உருவானதுதான். நிறைய ஆல்பா வேண்டுமென்றால், ஊதிய பலூனைக் கம்பளியில் தேய்த்து மூடிய அறையில் அரை மணி நேரம் தொங்கவிட்டு, காற்றை இறக்கி உடனே உள்ளே போடலாம். தாமதித்தால் வீண், நிலைமின்னால் பலூனில் ஒட்டிய ரேடான் வாரிசுகளில் பாதி அடுத்த அரை மணியில் சிதைந்துவிடும்.

டிரை ஐஸ் வாங்கும்போது குச்சிகுச்சியான பெல்லட் கேட்டால் உடைக்கும் வேலை மிச்சம். தெர்மோகோல் பெட்டியை இறுக மூடக்கூடாது. கையுறை, திறந்த சன்னல் கட்டாயம். ஆல்கஹால் இருப்பதால் பக்கத்தில் நெருப்பும் கூடாது.

பலூனுக்காக மூடியில் கார்க் துளை போடும் வேலை பாக்கி. அதற்குள் டிரை ஐஸுக்குப் பதில் பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) ஆசை வந்துவிட்டது: இரண்டு மாட்யூல் அடுக்கி, மேலதற்கு 5 வோல்ட், கீழதற்கு 12. கீழது தன் சூட்டோடு மேலதன் சூட்டையும் சேர்த்து இறக்க வேண்டும். இரண்டுக்கும் 12 கொடுத்தால் திணறும். முதலில் அந்தச் சூட்டை வெளியேற்றப் பெரிய சிபியு கூலர் (கணினிக்குள் சூட்டைத் தணிக்கும் சாதனம்) ஒன்று தேட வேண்டும்.