ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் கார் என் கைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கார்த்திகை மழையோடு அது நடுங்கத் தொடங்கியது. காலையில் ஸ்ராட் பண்ணினால் ஸ்ரியறிங்கும் கண்ணாடியும் சேர்ந்து ஆடும். யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போவதற்குள் இரண்டு தடவை நின்றுவிடும். மத்தியானம் வெயில் பட்டபின் எடுத்தால் பரவாயில்லாமல் ஓடும். இந்தக் கடைசி விஷயத்தை அப்போதே யோசித்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஒரு கராச்சில் காட்டினேன். அரை நிமிடம் காது கொடுத்துவிட்டு, "எஞ்சின் இறக்க வேணும்" என்றார்கள். செலவைக் கேட்டதும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பெற்றோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கை எப்படிக் கழற்றுவது என்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

முதலில் செய்தது மடத்தனம். நாலு புதுப் பிளக் வாங்கி, இடைவெளியை 0.025 அங்குலத்துக்குச் சரிபார்த்துப் போட்டேன். நடுக்கம் அப்படியே இருந்தது. பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று யாரோ சொல்ல, தாங்கியையும் வடித்துப் பார்த்தேன். அதுவும் வீண்.

பக்கத்து வளவு ஐயா முன்பு ஹயர் கார் ஓடியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊர் இது. அந்தப் புகைக்குள் வண்டி ஓட்டியவருக்கு என் காரின் நடுக்கம் ஒரு பொருட்டாகவே படவில்லை.

"தம்பி, நாலு பேர் சாமி காவேக்கை ஒருத்தன் தோள் குடுக்காட்டி எப்பிடி ஆடும்? அந்த ஒருத்தன் ஆரெண்டு முதல்ல பார்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். நான் ஈரக் கையால் பிடித்தேன், முழங்கை வரை அடித்தது. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிற்பாட்டி, ஒரு வயரைக் கழற்றி, திரும்ப ஸ்ராட் பண்ணித்தான் பார்த்தேன். நேரம் பிடிக்கும், ஆனால் கை மிஞ்சும். ரேடியேற்றர் பக்கம் இருப்பது முதலாவது. ஒன்று, இரண்டு, நாலு ஆகியவற்றின் வயரை எடுத்தபோது எஞ்சின் இன்னும் இறங்கித் தடுமாறியது. மூன்றாவதை எடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. தோள் கொடுக்காதவன் அகப்பட்டுவிட்டான்.

மூன்றாவது பிளக்கைக் கழற்றினால் கறுத்து ஈரமாக, பெற்றோல் மணத்தோடு வந்தது. மற்றவை காய்ந்து மண்ணிறமாக இருந்தன. அப்படியென்றால் பெற்றோல் வருகிறது, எரியவில்லை. பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றர் நாலுக்கும் ஒன்றுதான். பிழை அதில் என்றால் மூன்றாவது மட்டும் தனியாக ஏன் படுக்க வேண்டும்?

ஆனாலும் கராச்சில் சொன்ன சொல் மனதை அரித்தது. வால்வு எரிந்து காற்று கசிந்தாலும் இப்படி ஆகும் அல்லவா? ஐயா கார் டிக்கியில் கிடந்த, எஞ்சினைக் கையால் சுற்றும் ஹாண்டிலை எடுத்துத் தந்தார். "சாவியை நிப்பாட்டு. பெருவிரலை மற்ற விரலுகளோடை ஒரே பக்கம் வை, திருப்பி அடிச்சால் முறிஞ்சு போம்." மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றினால், காற்று கசியாவிட்டால், நாலு தடவை கை இறுகி நிற்க வேண்டும். நின்றது, நாலும் ஒரே இறுக்கம். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் மூன்றாம் பிளக்கையும் நாலாம் பிளக்கையும் இடம் மாற்றினேன். கோளாறு மூன்றிலேயே நின்றது, பிளக்கோடு நகரவில்லை. மீதி இருந்தது வயரும், நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூற்றரின் மூடியும்.

பகலில் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. இரவு ஏழு மணிக்கு முற்றத்து லைற்றை நிற்பாட்டி, போனற்றைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட விட்டேன். மூன்றாம் வயரின் நடுவில் இருந்து எஞ்சின் உடம்புக்கு நீல நூல் போல ஒரு பொறி, டிக் டிக் என்று பாய்ந்துகொண்டிருந்தது. வயரின் தோல் வெடித்து, அந்த இடம் இரும்பில் முட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. காலை ஈரத்தில் மின்சாரத்துக்கு அது சுகமான குறுக்குவழி. வெயிலில் காய்ந்ததும் பாதி அடங்கிவிடும்.

புது வயர் செற் வாங்கி வந்தேன். அப்புறம் இரண்டாவது மடத்தனம்: பழைய நாலையும் ஒரே தடவையில் கழற்றிவிட்டேன். டிஸ்ரிபியூற்றர் மூடியைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகச் செருகி ஸ்ராட் பண்ணினேன். காபரேற்றர் வழியாக ஒரு வெடி! முற்றத்து நாய் படலைக்கு வெளியே போய்த்தான் நின்றது.

வேலிக்கு அப்பால் இருந்து குரல் வந்தது: "ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு! மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தி!"

எஞ்சினில் நாலும் எரியும் வரிசை அதுதான். அதன்படி மாற்றிச் செருகினேன். ஒரே சாவியில் பிடித்தது. கண்ணாடி ஆடவில்லை. ஐயா வந்து போனற்றில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, "தள்ளி இரு தம்பி" என்றார்.