பல்கலைக்கழக வளாகத்தில் காவலர்: பயிற்சி யாருக்கு?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் பணிபுரிகிறேன். விசா, தங்குமிடம், கட்டணம் என்று காகிதங்களோடு கழியும் வேலைதான் என்றாலும், வளாகக் காவல் துறை தன் காவலர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் கலந்துகொள்வது வழக்கம். சில ஆண்டுகளாக அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அங்கே பார்த்ததையும், இந்தத் துறையின் வரலாற்றைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து யோசிக்கும்போது, காவலர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று இவ்வளவு பேசுகிறவர்கள், அந்தக் காவலர்களுக்கு உத்தரவிடுகிறவர்களின் பயிற்சியைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்ற கேள்வி எனக்குள் வலுத்துக்கொண்டே வருகிறது.

இங்கே வளாகக் காவல் துறை என்பது நம் ஊர்க் கல்லூரி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் வாட்ச்மேன் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பல வளாகங்களில் துப்பாக்கி, ரோந்து வண்டி, கைது செய்யும் அதிகாரம் எல்லாம் உடைய முழு அளவிலான போலீஸ் அது. சம்பளம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகம். 1894-இல் நியூ ஹேவன் நகரக் காவலர் இருவர் யேல் பல்கலைக்கழகத்துக்கென்று நியமிக்கப்பட்டதே இதன் தொடக்கம். 2,500 மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கும் நான்காண்டுக் கல்லூரிகளை நீதித் துறையின் புள்ளியியல் பிரிவு 2011-12 கல்வியாண்டில் ஆராய்ந்தபோது, அவற்றில் சுமார் 75 விழுக்காட்டு வளாகங்களில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருந்தார்கள். முழுக் காவல் அதிகாரம் பெற்றவர்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் 92 விழுக்காடும், தனியார் நிறுவனங்களில் 38 விழுக்காடும் வைத்திருந்தன.

இவர்களில் பெரும்பாலோர், நகரக் காவலர்கள் படிக்கும் அதே வகை அகாடமியிலிருந்துதான் வருகிறார்கள். 2013 நிலவரப்படி அடிப்படைப் பயிற்சி நாடு முழுவதும் சராசரியாக 840 மணி நேரம் நீடித்தது. அதில் துப்பாக்கிப் பயிற்சிக்கு 71 மணி நேரமும் தற்காப்பு முறைகளுக்கு 60 மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருக்க, மனநலப் பாதிப்பு உள்ளவர்களை அணுகும் முறைக்குக் கிடைத்தது சுமார் 10 மணி நேரம். நகரத்துக்கே இந்தப் பங்கீடு பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. வளாகத்துக்கு நிச்சயம் பொருந்தாது.

ஏனென்றால், வளாகத்தில் வாழ்பவர்கள் பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுக்காரர்கள். முதன்முறையாக வீட்டை விட்டு வந்தவர்கள். 21 வயதுக்குக் கீழே குடிப்பது சட்டப்படி குற்றம் என்பதால், அறைத் தோழன் மிதமிஞ்சிக் குடித்து மூச்சுத் திணறிக் கிடந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்கப் பயப்படுவார்கள். அதனால்தான் உதவிக்கு அழைப்பவர்மீது நடவடிக்கை இல்லை என்ற விதியைப் பல கல்லூரிகள் கொண்டுவந்திருக்கின்றன. அந்த விதியைக் கதவைத் தட்டும் காவலர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். நகரத்தில் கைது அல்லது எச்சரிக்கை என்று முடிகிற விஷயத்தை, இங்கே மாணவர் நல டீனுக்கு அனுப்பலாமா, ஆலோசகரை வரவழைக்கலாமா என்று அவர் நின்ற இடத்தில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இவற்றோடு, மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம், பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’, பின்னர் வந்த கிளெரி சட்டம் என்று கல்லூரிகளுக்கே உரிய ஒரு சட்ட அடுக்கும் இருக்கிறது. லீஹை பல்கலைக்கழகத்தில் 1986-இல் ஒரு மாணவி தன் விடுதி அறையிலேயே கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, அவர் பெயரில் 1990-இல் வந்த கிளெரி சட்டம், வளாகத்தில் நடந்த குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவும், ஆபத்து இருந்தால் உரிய நேரத்தில் எச்சரிக்கவும் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்துகிறது.

நெருக்கடியில் இருப்பவரை அணுகும் பயிற்சிக்கு இன்று பல வளாகங்கள் கையாளுவது மெம்ஃபிஸ் நகரில் உருவான முறை. மனநலம் பாதிக்கப்பட்ட ஓர் இளைஞரை 1987-இல் அந்நகரப் போலீஸ் சுட்டுக் கொன்றதை அடுத்து, மறு ஆண்டே மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் காவல் துறையோடு உட்கார்ந்து வகுத்த 40 மணி நேரப் பாடம் அது. அதில் எனக்கு மறக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. காவலரின் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிடுகிறார்கள். அதில் சில குரல்கள் முணுமுணுப்பாகவும் சில அதட்டலாகவும், உன்னை எல்லோரும் கவனிக்கிறார்கள், எழுந்து போ, நீ எதற்கும் லாயக்கில்லை என்று விடாமல் ஒலிக்கின்றன. அந்த நிலையில் அவர் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். எதிரே நிற்கும் இன்னொரு காவலர் பெயரென்ன, முகவரி என்ன, கையைப் பையிலிருந்து எடு என்று கேள்விமேல் கேள்வி கேட்பார். ஆறடி உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் உடைய ஒரு சார்ஜண்ட், பிறந்த தேதியை இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதிவிட்டு, எரிச்சலில் பேனாவை மேசையில் போட்டார். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவன் எல்லோரும் திமிர் பிடித்தவன் அல்லன் என்பதை அதற்குமேல் ஒருவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே பயிற்சியில், தேர்வில் தோற்று அறைக்குள் பூட்டிக்கொண்ட இந்திய மாணவராக நான் நடித்தேன். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதைச் சுற்றி வளைக்காமல் நேரடியாகக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கற்றுத்தரப்படும் பாடம். எதிரே நின்ற இளம் காவலரும் அப்படியே கேட்டார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினேன். இல்லை என்று எடுத்துக்கொண்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பயிற்றுநர் நிறுத்தி, அந்தத் தலையசைப்புக்குப் பொருள் என்ன என்று என்னைக் கேட்டபோது, வாயால் பதில் வரும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். இப்படிப்பட்டவை எந்த அகாடமிப் பாடத்திட்டத்திலும் இருப்பதில்லை. உட்கார்ந்து பேசினால்தான் வெளிவரும்.

எங்கள் மாணவர்களுக்கும் எதிர்த்திசையில் சில பாடங்கள் தேவைப்படுகின்றன. நம் ஊரில் போலீஸ் வண்டியை நிறுத்தினால் இறங்கி நின்று பேசுவதுதான் மரியாதை. இங்கே இறங்குவதே ஆபத்தான செயலாகப் பார்க்கப்படும், இருக்கையிலேயே அமர்ந்து இரண்டு கைகளும் தெரியும்படி ஸ்டீயரிங்மீது வைத்திருக்க வேண்டும். இதைவிட அடிக்கடி நேர்வது இன்னொன்று. இரண்டு நாளாக மகன் போனை எடுக்கவில்லை என்று கோயம்புத்தூரிலிருந்தோ விஜயவாடாவிலிருந்தோ ஒரு தாய் பதறிக்கொண்டு எங்களை அழைப்பார். நாங்கள் காவல் துறையிடம் சொல்வோம். காவலர் போய் அறைக் கதவைத் தட்டுவார். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறக்கும் பையன், இடுப்பில் துப்பாக்கியோடு நிற்பவரைப் பார்த்ததும் தன் விசா பறிபோனதாகவே நினைத்துக்கொள்கிறான். ஆகவே, பெயரைச் சொல்வதற்கு முன்பே ‘நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு’ என்று தொடங்கும்படி எங்கள் காவலர்கள் பழகியிருக்கிறார்கள். சின்ன விஷயம்தான். வேலை செய்கிறது.

இந்த வகைப் பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 செப்டம்பரில் ஜார்ஜியா டெக் வளாகத்தில் நடந்தது சாட்சி. மன நெருக்கடியில் இருந்த ஒரு மாணவர் தானே போலீஸை அழைத்தார். கையில் சிறு கத்தி உள்ள பல்நோக்குக் கருவி ஒன்றுடன் காவலர்களை நோக்கி நடந்து வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட காவலர் அந்த 40 மணி நேரப் பயிற்சியைப் பெற்றிருக்கவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்து ஆளைச் செயலிழக்கச் செய்யும் டேசர் கருவியும் அவ்வளாகக் காவலர்களிடம் அப்போது இல்லை.

ஆனால் எல்லாத் துயரங்களும் காவலரின் கையில் தொடங்குவதில்லை. வெளியிலிருந்து படையை வரவழைக்கும் மேலிடத்து முடிவிலும் தொடங்கலாம். வளாகங்களில் சொந்தக் காவல் துறைகள் பெருகியதற்கு ஒரு காரணமும் அதுதான். 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒஹாயோ தேசியக் காவற்படை 13 விநாடிகளில் 67 குண்டுகளைச் சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்றது. பத்து நாள் கழித்து, மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் நகர, மாநிலப் போலீஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். வெளியிலிருந்து வரும் படையைவிட மாணவர்களை அறிந்த சொந்தக் காவலர்கள் மேல் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக்கில் 32 பேர் கொல்லப்பட்ட நாளைப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். காலை 7.15 அளவில் ஒரு விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். அது காதல் தகராறாக இருக்கலாம் என்று காவலர்கள் முதலில் கருதியது தவறாகப் போயிற்று. அதைக் காட்டிலும் முக்கியமானது, வளாகம் முழுவதற்கும் தாங்களே ஓர் எச்சரிக்கையை அனுப்பும் வசதி அவர்களிடம் இருக்கவில்லை என்பது. பல்கலைக்கழகத் தலைவரின் தலைமையில் உயர்நிலைக் குழு கூடி, பேசி, வாசகத்தை முடிவு செய்து மின்னஞ்சல் அனுப்பியபோது மணி 9.26. ஏறத்தாழ 9.40-க்கு நோரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் இரண்டாவது தாக்குதல் தொடங்கிவிட்டது. அங்கே அழைப்பு வந்த சுமார் மூன்று நிமிடத்தில் காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். சங்கிலியிட்டுப் பூட்டிய கதவுகளுக்கு மாற்றுவழி தேடி, வேறொரு கதவின் பூட்டை ஷாட்கன்னால் உடைத்து நுழைந்தார்கள். 1999-இல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது போலீஸ் வெளியே காத்து நின்று கற்ற பாடத்தின் பலன் அந்த வேகம். அதாவது, பயிற்சி பெற்றவர்கள் நிமிடக் கணக்கில் செயல்பட்ட அதே காலையில், பயிற்சியே இல்லாத மேல்மட்டத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வர, முதல் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கொலையாளியைப் பற்றிப் பேராசிரியர்களுக்கும் காவலர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் தனித்தனியே தெரிந்திருந்தவை, அந்தரங்கச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் ஓரிடத்தில் சேரவே இல்லை என்பதையும் விசாரணைக் குழு பதிவு செய்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் இன்னும் தெளிவான உதாரணம். 2011 நவம்பர் 18 அன்று, கைகோத்துத் தரையில் அமர்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் ஒரு காவலர் வரிசையாகப் பெப்பர் ஸ்பிரே அடித்த காட்சியை உலகமே பார்த்தது. முன்னாள் நீதிபதி ஒருவரின் தலைமையில் அமைந்த குழு, அந்தத் தெளிப்பான் அத்துறையில் அனுமதிக்கப்படாத வகை, குறைந்தது ஆறடி தள்ளி நின்று பயன்படுத்த வேண்டியது, காவலர்கள் அதில் பயிற்சியே பெறவில்லை என்றெல்லாம் கண்டறிந்தது. செய்திகளில் நின்றது இவ்வளவுதான். ஆனால் அறிக்கையின் கனமான பகுதி மேலே உள்ளவர்களைப் பற்றியது. மாணவர்கள் போராட்டத்துக்காகப் போட்டிருந்த கூடாரங்களை இரவில் அகற்றாமல் மாலை மூன்று மணிக்கு அகற்றும்படி தீர்மானித்தது வளாகத்தின் தலைவர். கூடாரங்களில் பெரும்பாலோர் வெளியாட்கள் என்ற அச்சத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை. பலப்பிரயோகம் கூடாது என்ற அவருடைய எண்ணம் களத்தில் நின்றவர்களைத் தெளிவாகச் சென்றடையவில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் அகற்றுகிறோம் என்பதே அதிகாரிகளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. காவலர்கள் அத்தனை பேரும் ஆண்டு முழுவதும் பெப்பர் ஸ்பிரே பயிற்சியில் உட்கார்ந்திருந்தாலும் இந்த நான்கில் ஒன்றுகூடச் சரியாகியிருக்காது.

2015-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகக் காவலர் ஒருவர், முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று வளாகத்துக்கு வெளியே ஒரு காரை நிறுத்தி, ஆயுதமற்ற கறுப்பினத்தவரான அதன் ஓட்டுநரைச் சுட்டுக் கொன்றதும் இதே வகைதான். சுட்டதற்குப் பொறுப்பு அவர்தான். ஆனால் வளாகக் காவலர்களை ஊர்ச் சாலைகளில் வண்டி நிறுத்தும் வேலைக்கு அதிகமாகத் திருப்பிவிட்டது ஒரு நிர்வாகக் கொள்கை.

2024-இல் இந்தச் சிக்கல் வேறு உருவில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பாதுகாவலர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லாததால், காசா போரை எதிர்த்துக் கூடாரமிட்டிருந்த மாணவர்களை அகற்ற ஏப்ரல் 18 அன்று அதன் தலைவர் நியூயார்க் போலீஸை வரவழைத்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அடங்குவதற்குப் பதில் போராட்டம் நாடெங்கும் பரவியது. அந்த மாத இறுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் போராட்டக் கூடாரங்களை எதிர்த்தரப்பினர் மணிக்கணக்கில் தாக்கியபோதோ, போலீஸ் உரிய நேரத்தில் தலையிடவில்லை. ஓரிடத்தில் அழைப்பு அவசரம், மற்றோரிடத்தில் தாமதம். கைது அதிகாரம் கொண்ட 36 சிறப்புக் காவலர்களை அமர்த்துவதாகக் கொலம்பியா 2025-இல் அறிவித்தபோது, அவர்களை எப்போது அனுப்புவது என்று தீர்மானிப்பவர்களுக்கு என்ன பயிற்சி என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

எங்கள் வளாகத்தில், மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு கற்பனை நெருக்கடியைக் கட்டம் கட்டமாகக் கையாளும் பயிற்சி நடப்பதுண்டு. காவலர்கள், விடுதிப் பொறுப்பாளர்கள், ஆலோசகர்கள், என்னைப் போன்றவர்கள் எல்லோரும் வருவோம். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களோ தங்கள் உதவியாளர்களை அனுப்பிவிடுவார்கள். அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த முறை கதையின் நடுவில் ‘இப்போது எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை மணிக்கு, யாரை அனுப்புகிறீர்கள்?’ என்ற கேள்வியை வைத்து, உதவியாளர் பதில் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும் என்று பயிற்றுநரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறேன். செய்யலாம் என்று பதில் வந்திருக்கிறது. தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.