பாட்டு முடிந்த பிறகு தொடங்கும் வேலை

இசை நிகழ்ச்சி முடிந்து கைத்தட்டல் ஓய்ந்த பின்னும் இருக்கையைவிட்டு எழாமல் அமர்ந்திருப்பவர்களைக் கவனிப்பதுதான் என் பணியின் முதன்மையான பகுதி. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணைநிற்கும் சென்னை அமைப்பு ஒன்றில் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைத்து வருகிறேன். கல்லூரி அரங்குகளிலும் மயிலாப்பூரின் சிறிய மன்றங்களிலும் சில சமயம் கடலோரக் குப்பங்களிலும் நாங்கள் நடத்தும் இந்நிகழ்ச்சிகளுக்கு, இக்கொடுமையைப் பற்றி ஊரறியப் பேச வைப்பதும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டுவதும் நோக்கங்கள். ஆனால், பாதிக்கப்பட்டவர்கள் எங்கோ வெளியே இருப்பதாகவும் அரங்கில் இருப்பவர்கள் அவர்களுக்கு இரங்க வந்தவர்கள் என்றும் எண்ணிக்கொண்டு எந்த நிகழ்ச்சியையும் திட்டமிட முடியாது. எங்கள் அரங்கிலேயே அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

சொற்பொழிவைக் கேட்பவர் தம்மைக் காத்துக்கொள்ளலாம். சொல்வதை மனத்துக்குள் மறுக்கலாம், கைப்பேசியைப் பார்க்கலாம். பாட்டு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஒரு குரல் மேல் ஸ்தாயியில் நின்று மெல்ல இறங்கும்போது, பல ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாதிருந்த ஒன்று கேட்பவருக்குள் எழுந்துவிடலாம். எழுப்பியவர்கள் நாங்கள் என்பதால் அதன் பொறுப்பும் எங்களுடையதே. அதனால் அரங்கை முழு இருட்டாக்க விடமாட்டோம். இடையில் எழுந்து செல்பவரை வாசலில் நிறுத்தி என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது என்று தன்னார்வலர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். பக்கத்து அறையில் தண்ணீரும் பாயும் மின்விசிறியும் இருக்கும். உளவியல் ஆலோசகர்கள் அங்கே காத்திருப்பார்கள். பறையோ தவிலோ திடீரென உரத்து ஒலிப்பது சிலரை நடுங்கவைக்கும் என்பதால், வாத்தியக்காரர்களிடம் பேசி, முதல் அடிக்கு முன் தொகுப்பாளர் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி ஏற்பாடு செய்துகொள்வோம்.

பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களை மேடையில் மட்டும் அறிவித்தால் போதாது. தோழிகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் ஒரு மாணவி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள அஞ்சுவாள்; குறித்துக்கொள்வதே ஒரு வாக்குமூலம் போலத் தோன்றிவிடும். ஆகவே பெண்கள் கழிப்பறைக் கதவுகளின் உட்புறத்தில் அவற்றை ஒட்டிவைக்கிறோம். பாதிக்கப்பட்டவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை அளித்தாக வேண்டும் என்பதையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதையும், எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதையும் தொகுப்பாளர் இடைவேளையில், விளக்குகள் எரியும்போது சொல்வார். பள்ளிகளில் நடத்தும்போது கூடுதல் கவனம் தேவை. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் நம்மிடம் சொல்லிவிட்டால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்தக் குழந்தைக்கு வாக்களிக்க எங்கள் ஆலோசகர்களுக்கு உரிமையில்லை. அதைத் தொடக்கத்திலேயே கனிவோடு சொல்லிவிடுகிறார்கள்.

பாடல்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எங்களுக்குள் நீண்ட விவாதங்கள் நடக்கும். பாட வருபவர்களில் பலர் முதலில் அம்மன் பாடல்களையே கொண்டுவருவார்கள். பெண்ணைச் சக்தியாகவும் தெய்வமாகவும் போற்றும் பாடல்களில் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் காவல் நிலையத்தின் மர பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்திருந்து திரும்பிய ஒருத்தியைச் சூலம் ஏந்தச் சொல்வது அவள் தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகவே எனக்குப் படுகிறது. அசுரனை அழிக்காதவள் தோற்றவள் என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஒருமுறை, ஒப்பாரி மெட்டில் ஒரு பாட்டு அமைத்தால் கேட்பவர் நெஞ்சைத் தொடும் என்று வடசென்னையைச் சேர்ந்த மூத்த பாடகி ஒருவரை அணுகினோம். மற்றவர்கள் பேசத் தயங்கும் குற்றச்சாட்டைக்கூடப் பெண்கள் ஊர் கேட்க உரத்துச் சொல்ல இடம் தந்த வடிவம் அது என்பதால் அந்த யோசனை எழுந்தது. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “உசுரோட இருக்கிற புள்ளைக்கு ஏம்மா ஒப்பாரி?” என்றார். அந்தக் கேள்விக்குப் பின் பாடல் வரிகளை நாங்கள் படிக்கும் முறையே மாறிவிட்டது. வாழ்வு முடிந்துவிட்டது, மலர் கசங்கிவிட்டது என்று பாடும் எதையும் இப்போது ஏற்பதில்லை. அந்த அம்மாவே பின்னர் வேறொரு மெட்டில், குற்றம் செய்தவனைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் பாட்டொன்றைக் கட்டிக்கொடுத்தார். சிலியின் வால்பரைசோ நகரில் 2019 நவம்பரில் லாஸ் தேசிஸ் என்ற பெண்கள் குழு தெருவில் நிகழ்த்திய பாட்டும் இதையேதான் செய்தது: அவள் எங்கே போனாள், என்ன உடுத்தினாள் என்ற கேள்விகளைத் தள்ளிவிட்டுக் குற்றவாளியை நோக்கி விரல் நீட்டியது. அது பல நாடுகளுக்குப் பரவியதில் வியப்பில்லை.

2016 ஆஸ்கர் விழாவில் அமெரிக்கப் பாடகி லேடி காகா பாடியபோது, பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்கள் பலர் அவரைச் சூழ்ந்து மேடையில் நின்றார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த சில இளைஞர்கள், நாமும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பதுண்டு. அங்கே நின்றவர்களின் துணிவின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. இங்கே பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். அவரே எழுத்து மூலம் இசைவு தந்தால் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தமக்கு உதவும் அமைப்பே கேட்கும்போது ஒருவரால் எந்த அளவுக்குச் சுதந்திரமாக மறுக்க முடியும்? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியில் கசிந்து மாணவியின் விவரங்கள் பரவியதையும், அதன்பின் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் இந்நகரம் பார்த்திருக்கிறது. பரவிய பெயரை எந்தத் தொகையாலும் திரும்பப் பெற இயலாது. ஆகவே நாங்கள் எவரையும் அந்த வகையில் மேடைக்கு அழைப்பதில்லை. எங்களிடம் உதவி பெறும் ஒருவர் பாட விரும்பினால் பாடகியாக மட்டுமே பாடுவார். பார்வையாளர்கள் காணொளி எடுக்கவும் அனுமதி இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அமெரிக்கப் பாடகி டோரி ஏமஸ். அவர் தமக்கு நேர்ந்த கொடுமையை 1991இல் துணைக்கருவி எதுவுமின்றித் தனிக்குரலில் பாடிப் பதிவுசெய்தார். 1994இல் ரெயின் என்ற உதவி அமைப்பு உருவாகவும் துணைநின்றார். பாட்டைக் கேட்டு உடைந்துபோனவர் தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் பேச ஓர் ஆள் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது.

பாடுபவர்கள் யார் என்பதும் பொருட்படுத்த வேண்டிய ஒன்று. 2018இல் கர்நாடக இசையுலகிலிருந்தும் திரையிசையிலிருந்தும் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தல் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். அவ்வாண்டு மியூசிக் அகாடமி தன் மார்கழி விழாவிலிருந்து, குற்றச்சாட்டுக்கு உள்ளான ஏழு கலைஞர்களை நீக்கியது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், குருவின் வீட்டுக் கூடமே வகுப்பறையாக இருக்கும் துறையில் புகாரை யாரிடம் கொடுப்பது என்பது பல மாணவிகளுக்குத் தெரிவதில்லை. மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம் என்பதை இசைக் கல்லூரிகளில் தவறாமல் சொல்கிறோம். ஒரு கலைஞர் மீது புகார் இருப்பது தெரிந்தும், கூட்டம் சேர்ப்பார் என்பதற்காக அவரை அழைத்தால், அரங்கில் இருக்கும் ஒருத்தியிடம் நாங்கள் பேசும் எதற்கும் மதிப்பிருக்காது.

இனி நிதி. போக்சோ வழக்கை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா வரும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய் ஒரு நாள் கூலியை இழந்து, ஆட்டோ பிடித்து, குழந்தைக்கு மதியச் சாப்பாடு வாங்கிக்கொடுத்து, மாலையில் வெறுங்கையோடு திரும்புவார். கச்சேரியில் திரளும் பணத்தின் பெரும்பகுதி இதற்குத்தான் செலவாகிறது. நன்கொடையாளர்கள் சிலர், பயனடைந்த ஒருவரின் கதையைப் படத்துடன் அனுப்ப முடியுமா என்று கேட்பார்கள். நாங்கள் கணக்கை மட்டும் அனுப்புகிறோம்: ஆட்டோக் கட்டணம் இவ்வளவு, இழந்த கூலிக்கு ஈடாக இவ்வளவு, உணவு, மருந்து, வாடகை பாக்கி. அதைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டவர்கள் உண்டு. அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டு, அதற்கு முன்பே பணம் அனுப்புபவர்களும் உண்டு.