வடக்கன்குளத்துல இருந்து புலியூர்க்குறிச்சி வரைக்கும்

எங்க பக்கத்துல வேளாங்கண்ணிக்கு நடந்தே போறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா புனித தேவசகாயம் வாழ்ந்த இடம், அடி வாங்குன இடம், உயிர விட்ட இடம்னு வரிசையா போய் ஜெபிச்சுட்டு வந்தவங்கள நான் அதிகம் பாத்ததில்ல. தூத்துக்குடில இருந்து விடியக்காலைல கார்ல கிளம்புனா ராத்திரிக்குள்ள திரும்பிரலாம். நானும் எங்க வீட்டுக்காரரும் அண்ணனும் மைனியும் ஒரு ஞாயித்துக்கிழமை போனோம். ஞாயிறுதான் போக முடியும், ஏன்னா எங்க வீட்டுக்காரருக்கு கிட்னி பழுதாகி செவ்வாயும் சனியும் டயாலிசிஸ், மெஷின் வச்சு ரத்தத்த சுத்தம் பண்ணுவாங்க, சனி முடிஞ்ச மறுநாள்தான் கொஞ்சம் தெம்பா இருப்பாரு.

தேவசகாயம் சாமியாரும் இல்ல துறவியும் இல்ல, நம்மள மாதிரி கல்யாணம் ஆன ஆளு, வேலைக்குப் போன ஆளு. 1712-ல நட்டாலத்துல பிறந்தவரு, பேரு நீலகண்டன், திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மா கிட்ட அதிகாரியா இருந்தாரு. 1741 குளச்சல் போர்ல பிடிபட்டு அப்புறம் ராஜாவோட படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாய் இவருக்கு சிநேகிதர். வீட்டுல ஆடுமாடு சாகுது, பயிர் போகுது, மனசு உடைஞ்சு கிடக்காரு, அப்போதான் டிலனாய் பைபிள்ல வர்ற யோபு கதைய சொல்றாரு. எல்லாத்தையும் இழந்த யோபு "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்"னு சொன்ன கதை. கேட்டு மனசு மாறி 1745 மே 14 வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்குறாரு.

அதனால நாங்களும் முதல்ல வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்துக்குத்தான் போனோம், பூசை கண்டோம். பெரிய கோயில், ஊரும் பழைய ஊரு. பூசை முடிஞ்சு நான் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு இருந்தது தேவசகாயத்த பத்தி இல்ல, அவரு சம்சாரம் ஞானப்பூவ பத்தி. பார்கவி அம்மாங்கிற பேர மாத்தி ஞானப்பூன்னு ஞானஸ்நானம் வாங்குனாங்க. புருசன பிடிச்சுட்டு போன பிறகு, கொன்ன பிறகு, இந்த ஊர்லதான் வந்து இருந்தாங்கன்னு சொல்றாங்க. அவரு வேதசாட்சி, விசுவாசத்துக்காக உயிர விட்டவரு, சரி, ஆனா அந்த அம்மா மறுநாள் காலைல எந்திரிச்சிருப்பாங்க, தண்ணி எடுத்திருப்பாங்க, உலை வச்சிருப்பாங்க, யாரும் பேர் சொல்லி கூப்பிடாத ஊர்ல ஒவ்வொரு நாளா வாழ்ந்திருப்பாங்க. அந்த வாழ்க்கைக்கு சுரூபமும் இல்ல சப்பரமும் இல்ல. ஆனா டயாலிசிஸ் வார்டுக்கு வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்க எந்த பொம்பளைக்கும் இந்த அம்மாவ புரியும்.

இன்னொண்ணும் சொல்லணும். இதே வடக்கன்குளம் கோயில்ல ஒரு காலத்துல சாதி சாதியா தனித்தனியா உக்காருறதுக்கு நடுவுல சுவர் இருந்துச்சு, 1910-லதான் இடிச்சாங்க. எல்லா சாதிக்காரங்களோடயும் சமமா பழகுனதுதான் தேவசகாயத்து மேல மேல்சாதிக்காரங்களுக்கு வந்த ஆத்திரத்துக்கு பெரிய காரணம், அவரு ஞானஸ்நானம் வாங்குன ஊர்லயே அப்படி ஒரு சுவர் நின்னுருக்குன்னா நெஞ்சு வலிக்குது. புனிதர் பட்டம் கொடுக்கும்போது பேருக்குப் பின்னால இருந்த சாதிப்பேர ரோமாபுரில சேர்க்கல, அது ரொம்ப சரி. இன்னும் கல்யாண வீட்டுல யாரு கூட ஒரே பந்தில உக்காருறதுன்னு பாக்குறவங்க நம்ம பங்குகள்லயும் இருக்காங்க, பரலோகத்துல எல்லாரும் ஒண்ணா இருப்போம்னு நம்புறவங்க இங்க ஒரு பந்தில உக்கார மாட்டேன்னா அந்த நம்பிக்கைக்கு என்ன அர்த்தம்னு எனக்கு தெரியல.

அங்கிருந்து காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி. ரெண்டு பக்கமும் மலை, கணவாய்க்குள்ள காத்து அடிக்குது பாருங்க, சேலை முந்தானைய பிடிக்க முடியல, எங்க பாத்தாலும் காத்தாலை சுத்துது. காற்றாடிமலை இங்கதான் இருக்கு. தேவசகாயத்த 1749-ல கைது பண்ணி கிட்டத்தட்ட மூணு வருசம் வதைச்சு, 1752 ஜனவரி 14 ராத்திரி இங்க வச்சு சுட்டுக் கொன்னாங்க. அப்போ ஒரு பாறை உருண்டு விழுந்து மணி மாதிரி சத்தம் கேட்டுச்சுன்னு சொல்வாங்க, அதுதான் மணியடிச்சான் பாறை. இப்பவும் கல்லால தட்டுனா கணீர்னு கேக்குது, மைனி தட்டிட்டு அழுதுட்டாங்க. எங்க வீட்டுக்காரரால ஏற முடியாதுன்னு கீழ நிழல்ல உக்கார வச்சோம், வியாகுல அன்னைகிட்ட ஜெபமாலை சொல்லிட்டு இருந்தாரு.

எனக்கு அங்க நிக்கும்போது ஒண்ணு மனசுல பட்டுச்சு. யோபு கதைல கடைசில ஆடுமாடு ரெண்டு மடங்கா திரும்பி கிடைக்கும், மறுபடியும் பிள்ளைங்க, நீண்ட ஆயுசு எல்லாம் கிடைக்கும். அந்த கதைய கேட்டு மனம் மாறுன தேவசகாயத்துக்கு ஒண்ணுமே திரும்பி கிடைக்கல. உத்தியோகம் போச்சு, மரியாதை போச்சு, எருமை மேல பின்பக்கமா உக்கார வச்சு எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊரா கூட்டிட்டு போனாங்க, அடிச்ச காயத்துல மிளகாப்பொடி தேச்சாங்க. அப்படின்னா அவரு பிடிச்சுக்கிட்டது யோபுவோட கடைசி அதிகாரத்த இல்ல, முதல் அதிகாரத்த. கர்த்தர் எல்லாத்தையும் திருப்பி தந்துருவாருன்னு எங்ககிட்ட சாட்சி சொல்ல வர்றவங்க நிறைய பேரு, நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா கிட்னி திரும்பி வராத வீட்டுலயும் ஆண்டவர் இருக்காருன்னு சொல்றதுக்கு காற்றாடிமலை மாதிரி ஒரு இடம் தேவைப்படுது. "எதிர்நோக்கு ஏமாற்றம் தராது"ன்னு பவுல் அடியார் உரோமையருக்கு எழுதுனாரே, அதுக்கு முந்தின வரிகள்ல துன்பம், மன உறுதின்னு எழுதிட்டுத்தான் எதிர்நோக்குக்கு வர்றாரு.

கோட்டாறு சவேரியார் கோயில்ல தேவசகாயத்தோட கல்லறை இருக்கு, கூட்டம் இருந்துச்சு, முழங்கால் போட்டு ஜெபிச்சுட்டு வந்துட்டோம். நாகர்கோவில்ல மத்தியானச் சாப்பாடு. அவருக்கு மட்டும் வீட்டுல இருந்து உப்பு குறைச்சு கொண்டு போன சோறு.

கடைசியா தக்கலை பக்கத்துல புலியூர்க்குறிச்சி. இதுக்காகத்தான் நான் இத எழுதவே உக்காந்தேன். கைய கட்டி இழுத்துட்டு வரும்போது தேவசகாயத்துக்கு தாங்க முடியாத தாகம், தண்ணி கொடுக்க யாரும் இல்ல, பாறைல முழங்கால் போட்டு ஜெபிச்சு கை முட்டால இடிச்சாரு, தண்ணி வந்துச்சுன்னு காலங்காலமா சொல்றாங்க, அதனால முட்டிடிச்சான் பாறை. டயாலிசிஸ் பேசண்ட் வீட்டுல இருக்கவங்களுக்கு தாகம்னா என்னன்னு தெரியும். கிட்னி தண்ணிய வெளியேத்தாது, அதனால ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அளந்து வச்ச தண்ணி, காப்பி, மோர், ரசம் எல்லாம் அந்த கணக்குல சேரும், கோடைல நாக்கு ஒட்டிக்கிட்டு ராத்திரி தூக்கம் வராம வாய கொப்பளிச்சு துப்பிட்டு வந்து படுப்பாரு. அந்த பாறை முன்னால எங்க வீட்டுக்காரரு உள்ளங்கைல கொஞ்சூண்டு தண்ணி வாங்கி, குடிக்காம ரொம்ப நேரம் வச்சிருந்தாரு, பிறகு ஒரே ஒரு வாய் குடிச்சாரு. "இவருக்கு என் தாகம் தெரியும்"னு மட்டும் சொன்னாரு. வியாதி வந்ததுல இருந்து கோயில்ல அவரு முகத்துல நான் கோபத்தத்தான் பாத்திருக்கேன், அன்னைக்கு அது இல்ல.

சுகம் கிடைச்சுச்சான்னு கேட்டா இல்ல, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின் அளவு அப்படியேதான் இருக்கு, செவ்வாய்க்கிழமை திரும்ப ஆஸ்பத்திரிதான். ஆனா ஊசி குத்தும்போது முன்ன மாதிரி நர்ஸ் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுறது குறைஞ்சிருக்கு, பக்கத்து பெட்ல புதுசா வந்த ஒரு தம்பி பயந்து நடுங்குனப்போ இவருதான் ஃபிஸ்டுலா கைய, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்த ஆபரேசன் பண்ணி ரத்தக்குழாய இணைச்ச கைய, எப்படி பாத்துக்கணும், தாகத்த எப்படி தாங்கணும்னு சொல்லிக் கொடுத்தாரு. நானும் சாப்பாட்டு கேரியர்ல ஒரு அடுக்கு கூடுதலா எடுத்துட்டு போறேன், தனியா வந்து உக்காந்திருக்க பொம்பளைங்க யாராவது அன்னைக்கு சாப்பிடாம இருப்பாங்க, நாங்க ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம்.

திருநாள் ஜனவரி 14, பொங்கல் சமயம், அப்போ போறவங்க கூட்டத்துக்கு ரெடியா போங்க. நடக்க முடியாதவங்கள கூட்டிட்டு போறதா இருந்தா சாதாரண ஞாயித்துக்கிழமைதான் வசதி, புலியூர்க்குறிச்சிய மட்டும் அவசரமா முடிச்சுறாதீங்க.