எட்டுக்கு எட்டு அறையும் ஒரு முகவரியும்: டாக்காவின் உருது முகாம்களைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

டாக்கா முகமதுபூரின் ஜெனீவா முகாமைப் பற்றிய படங்களில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று வகை. சாக்கடை ஓடும் சந்து, கேமராவையே பார்க்கும் குழந்தை, பாகிஸ்தான் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் முதியவர். மூன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றையும் பார்த்து முடித்தவருக்கு அங்கே என்னதான் பிரச்சினை என்பது தெரிந்திருக்காது. வறுமை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். டாக்காவில் ஏழைக் குடியிருப்புகளுக்குப் பஞ்சமில்லை. இந்த முகாம்களைத் தனியாகப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் வேறு: அங்கே வாழ்கிறவரின் முகவரியே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. அதைப் படத்தில் கொண்டுவருவதுதான் வேலை.

பின்னணி தெரியாமல் கேமராவைத் தூக்கக் கூடாது என்பதால் அது முதலில். 1946 பிகார் கலவரத்துக்கும் 1947 பிரிவினைக்கும் பிறகு, உருது பேசும் முஸ்லிம்கள் பெருமளவில் கிழக்குப் பாகிஸ்தானுக்கு, அதாவது இன்றைய வங்கதேசத்துக்குப் போனார்கள். சையத்பூர் போன்ற ரயில்வே ஊர்களிலும் சணல் ஆலைகளிலும் டாக்காவின் முகமதுபூர், மிர்பூரிலும் குடியேறினார்கள். 1971 வங்கதேச விடுதலைப் போரில் இவர்களில் பலர் பாகிஸ்தான் பக்கம் நின்றார்கள். ஒரு பகுதியினர் துணைப்படைகளில் சேர்ந்து வங்காளிகளைக் கொன்றதிலும் பங்கெடுத்தார்கள். போருக்கு முன்னும் பின்னும் உருது பேசியவர்களும் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். வீடு, வேலை எல்லாம் போனவர்களைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் முகாம்களில் சேர்த்தது. அதன் தலைமையகம் ஜெனீவாவில் இருப்பதால் முகாமுக்கு அந்தப் பெயர்.

1973 டெல்லி ஒப்பந்தம், 1974 முத்தரப்பு ஒப்பந்தம் வழியாகச் சுமார் 1,70,000 பேரைப் பாகிஸ்தான் எடுத்துக்கொண்டது. 1993-இல் இன்னும் முந்நூற்றுச் சொச்சம் பேர் போனார்கள். அதோடு சரி. மிச்சமிருந்தவர்களை இரண்டு நாடும் தன்னவர் என்று சொல்லவில்லை. முகாம்வாசிகள் பத்துப் பேர் தொடுத்த வழக்கில் அவர்கள் வங்கதேசக் குடிமக்கள் என்று 2003-இல் டாக்கா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 மே 18-இல் அதே நீதிமன்றம், 1971-இல் சிறுவர்களாக இருந்தவர்களும் அதன்பின் பிறந்தவர்களும் குடிமக்களே என்று சொல்லி, வாக்காளர் பட்டியலில் சேர்த்து அடையாள அட்டை கொடுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது.

ஆகவே ‘நாடற்றவர்கள்’ என்று இன்று படக்குறிப்பு எழுதினால் அது பிழை. ‘அகதிகள்’ என்பதும் பிழை. வங்காளியில் ‘ஆட்கே போரா பாகிஸ்தானி’ என்பார்கள், சிக்கிக்கொண்ட பாகிஸ்தானி என்று பொருள். பாகிஸ்தானுக்கே போக வேண்டும் என்று போராடிய மூத்த தலைமுறைத் தலைவர்கள் அந்தப் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கேயே பிறந்து, வங்காளி மொழியில் படித்து, வாக்குப் போட்ட ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே அதை எழுதினால், அவள் குடியுரிமையை நீங்களே ஒருமுறை பறித்ததாகிவிடும். ‘பிஹாரி’ என்ற சொல்லைச் சிலர் இயல்பாகச் சொல்லிக்கொள்வார்கள், சிலருக்கு அது வசவு. ‘உருது பேசும் வங்கதேசத்தவர்’ என்பது பாதுகாப்பானது. படத்தில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுவது அதைவிடச் சிறந்தது.

கொடிப் படத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முகப்புப் படமாக வைக்காதீர்கள்.

இனி லென்ஸ். முகாமின் அறை பெரும்பாலும் எட்டடிக்கு எட்டடி அல்லது எட்டுக்குப் பத்து. அதற்குள் ஒரு குடும்பம், சில சமயம் மூன்று தலைமுறை. இடம் இல்லையே என்று எல்லோரும் செய்வது 16 எம்.எம். வைட் லென்ஸை மாட்டுவது. அங்கேதான் படம் கெடுகிறது. வைட் லென்ஸ் பின்சுவரைத் தள்ளிவைக்கும், பக்கச் சுவர்களை விரிக்கும். எட்டடி அறை சின்ன மண்டபம் போலத் தெரியும். பார்ப்பவர் ‘பரவாயில்லையே, இடம் இருக்கிறதே’ என்று நினைப்பார். நெருக்கடியைச் சொல்லப் போய் அதை அழித்துவிட்டு வருவீர்கள்.

முழு ஃப்ரேம் கேமராவில் 35 எம்.எம். வையுங்கள். கணக்கு எளிது. சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். அதை 35-ஆல் வகுத்து, தூரத்தால் பெருக்கினால், படத்தில் அடங்கும் அகலம் வரும். எட்டடி என்பது 2.44 மீட்டர். வாசற்படியில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்தால் அடங்குவது 2.5 மீட்டர். அதாவது அந்த அறையின் சுவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மிச்சமில்லாமல் ஃப்ரேமுக்குள் உட்காரும். ஒரு சுவர்தான் தெரியும், அதில் அறை முழுவதும் இருக்கும்: செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டில், கட்டிலுக்குக் கீழே பானையும் பெட்டியும், மேலே கயிற்றில் துணி, ஆணியில் பள்ளிப் பை. அளவு புரிய ஆள் வேண்டும். கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஒரு பெரியவர் போதும். அவர் ஒருவரே அந்தச் சுவரின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே அளவு புரிந்துவிடும். போனில் எடுப்பதானால் ‘0.5’ என்ற அகலக் கேமராவைத் தொடாதீர்கள். ‘1’ போதும், அது 24 அல்லது 26 எம்.எம். அளவில் இருக்கும்.

அப்படியே அறையின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ‘மிகச் சிறிய அறை’ என்று எழுதுவதற்கும் ‘8 அடிக்கு 8 அடி, ஏழு பேர்’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வெளிச்சம் அடுத்த தலைவலி. முகாமில் பக்கவாட்டில் இடமில்லாததால் வீடுகள் மேலே மேலே ஏறியிருக்கின்றன. சில சந்துகள் மூன்றடி, நான்கடிதான். வானம் ஒரு கோடாகத் தெரியும். வெயில் நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரம் தரையைத் தொட்டுவிட்டுப் போய்விடும். அறைக்குள் பகலிலும் எல்.இ.டி. பல்ப் எரியும். வங்கதேசத்தில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே மலிவான பல்புகள் நொடிக்கு நூறு தடவை மின்னி அணையும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டரை 1/250-க்கு வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், அதைவிட வேகம் வேண்டாம். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் பட்டை இன்னும் மோசமாகும், மெக்கானிக்கல் ஷட்டரே போடுங்கள். எஃப் 2, 1/100, ஐ.எஸ்.ஓ. 3200 என்று தொடங்கி, பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஃப்ளாஷ் வேண்டாம். தகரக் கூரையில் பட்டுத் திட்டுத் திட்டாகத் திரும்பும். தவிர, அந்த ஒரே அறையில் யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார்.

சுவர்களுக்கு நீலமோ பச்சையோ அடித்திருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறி ஆளை நோயாளி போலக் காட்டும். ஆளின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்துக்கொண்டால், பிறகு வெள்ளைச் சமநிலையை அதிலிருந்து சரிசெய்யலாம். முகத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் வாசற்படியைப் போல நல்ல இடம் இல்லை. அவர் படியில் வெளியே பார்த்து உட்காரட்டும். நீங்கள் எதிர்வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மூன்றரை அடி தூரத்தில் 35 எம்.எம். லென்ஸுக்கு இடுப்பிலிருந்து தலைவரை அழகாக அடங்கும்.

வேலைகளைப் படமெடுப்பதில்தான் இந்த மக்களின் மரியாதை தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். மிர்பூர் பெனாரஸிப் புடவைகளை நெய்த கைகளில் உருது பேசுவோரின் கைகள் ஏராளம். ஜெனீவா முகாமின் ஓரத்துக் கபாப், சாப் கடைகளுக்கு ராத்திரி நகரமே வரும், சாப்பிட்டுவிட்டுச் சந்துக்குள் எட்டிப் பார்க்காமல் போகும். உள்ளே கார்ச்சூபி வேலை நடக்கும். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து ஜரிகையும் மணியும் தைப்பது. எல்லோரும் மேலிருந்து ஊசியைப் படமெடுப்பார்கள். ஆனால் இந்த வேலையில் பாதி துணிக்குக் கீழே நடக்கிறது: மேல் கை கொக்கி ஊசியைக் குத்தி இறக்கும், கீழ்க்கை இருட்டில் நூலைக் கொக்கியில் மாட்டிவிடும், ஊசி அதை வளையமாக மேலே இழுத்துக்கொள்ளும். போனைத் தரையில் மல்லாக்க வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். மெல்லிய துணி என்றால் மேல் விளக்கின் ஒளியில் ஒவ்வொரு குத்தும் ஒரு புள்ளியாகத் தெரியும். தடவித் தடவியே வேலை பார்க்கும் விரல்கள் அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது முகவரி. தீர்ப்பு வந்து, வாக்காளர் அட்டையும் வந்துவிட்டது. ஆனால் 2025-இல் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை நீக்கப்படும்வரை, விண்ணப்பித்தவரின் விசாரணையில் முகாம் முகவரி வந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும் என்பது முகாமில் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். அதனால் வெளியே ஓர் உறவினர், நண்பர் முகவரியைக் கொடுத்தவர்கள் உண்டு. வேலையிடத்தில் முகாமைப் பற்றி வாய் திறக்காதவர்கள் உண்டு. உங்கள் படக்குறிப்பில் முழுப்பெயர், முகாமின் பெயர், தொழில் மூன்றும் சேர்ந்து வந்தால் அவர் இத்தனை நாள் காத்ததை ஒரே வரியில் உடைத்துவிடுவீர்கள். மூன்றில் ஒன்றையாவது விடுங்கள். எதை விடுவது என்பதை அவரே சொல்லட்டும். கேமராவும் போனும் படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் இடத்தகவலையும் வெளியிடுமுன் நீக்குங்கள்.

அடையாள அட்டை, பழைய ரேஷன் சீட்டு போன்ற காகிதங்கள்தான் இந்த விஷயத்தில் வலுவான படங்கள். ஆனால் ஸ்மார்ட் அட்டையில் பத்து இலக்க எண், பழையதில் 13 அல்லது 17 இலக்கம் இருக்கும். அதை மங்கலாக்கினால் போதாது, மங்கலான எண்ணை மீட்டெடுக்க வழிகள் உண்டு. கறுப்புப் பட்டை அடித்தால் படம் காவல்துறைக் கோப்பு மாதிரி ஆகிவிடும். எடுக்கும்போதே அட்டையை நெஞ்சருகே பிடிக்கச் சொல்லி, எண் இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் மூடச் சொல்லுங்கள். பிறந்த தேதியும் கையெழுத்தும் தெரியாமல் மற்ற விரல்களை வைக்கச் சொல்லுங்கள். அழுத்திப் பிடித்த அந்த விரல்களே படத்தின் செய்தியாகிவிடும்.

சம்மதம் கேட்பதை மூன்றாகப் பிரியுங்கள்: எடுக்கலாமா, டாக்காவில் காட்டலாமா, இணையத்தில் போடலாமா. முதலுக்குச் சரி என்பவர் மூன்றாவதுக்கு மறுப்பது சகஜம். படிவத்தை வங்காளியில் தயாரியுங்கள். இளைஞர்கள் வீட்டில் உருது பேசினாலும் படித்தது வங்காளியில். பலருக்கு உருது எழுத்து வாசிக்க வராது. முதியவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உள்ளே ‘சாச்சா’ (சித்தப்பா), ‘காலா’ (சித்தி) என்று அழைத்து உருதில் பேசலாம். வெளித்தெருவில் ஓர் இளைஞனைச் சத்தமாக உருதில் கூப்பிடாதீர்கள். அங்கே அவன் வங்காளியில் பேச விரும்பலாம். பெண்கள் மட்டும் இருக்கும் அறைக்குள் பெண் ஒருவர் முன்னே போகட்டும். பொதுக் கழிப்பறை வரிசையை எடுக்காதீர்கள். ஆட்கள் இல்லாத நேரத்தில் கதவுகளை எடுங்கள், எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கதவு என்பதை எண்ணி எழுதுங்கள்.

டாக்காவில் கண்காட்சி வைப்பதானால் பார்வையாளர் மனத்தில் இருப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாடு 1971 டிசம்பர் 16-இல் விடுதலை பெற்றாலும் மிர்பூர் 1972 ஜனவரி 31 வரை ஆயுதம் தாங்கிய உருது பேசுவோர் கையில் இருந்தது. அண்ணனைத் தேடிப்போன திரைப்பட இயக்குநர் ஜஹீர் ரைஹான் முந்தைய நாள் அங்கேதான் காணாமல் போனார். அந்தக் காயம் ஆறவில்லை. மறுபக்கம், 1971 டிசம்பரில் டாக்கா மைதானத்தில், பாகிஸ்தானுக்கு உதவியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களைத் துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கொன்றதைப் படமெடுத்த ஹோர்ஸ்ட் ஃபாஸும் மிஷேல் லொராவும் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார்கள். கேமராக்கள் இருப்பதால்தான் இது நடக்கிறது என்று நினைத்து அங்கிருந்து வெளியேறிய புகைப்படக்காரர்களும் உண்டு. கேமரா அங்கே வெறுமனே வேடிக்கை பார்த்ததா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அறிமுகப் பலகையில் இரண்டு பக்கக் கொலைகளையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் அடுத்த பலகையை யாரும் நம்பமாட்டார்கள். 2014 ஜூன் 14, ஷபே பராத் பட்டாசுத் தகராறுக்குப் பிறகு மிர்பூர் கால்ஷியில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் ஒரே குடும்பம், வீட்டோடு எரிந்தவர்கள். அதையும் தேதியோடு எழுதுங்கள். எரிந்த உடல்களின் படம் வேண்டாம், உறவினர்கள் இன்னும் அந்தச் சந்தில்தான் நடக்கிறார்கள்.

படக்குறிப்பு வங்காளியில் முதலில், பிறகு உருது. உருதை அச்சுக்குக் கொடுக்கும்போது, வலமிருந்து இடமாக எழுதும் வசதியை மென்பொருளில் இயக்காவிட்டால் எழுத்துகள் பிரிந்து தலைகீழ் வரிசையில் நிற்கும். அச்சகத்தில் யாருக்கும் அது தெரியாது. எழுத்தை வடிவமாக மாற்றி பி.டி.எஃப்.-ஆகக் கொடுங்கள், உருது வாசிக்கத் தெரிந்த ஒருவர் முதல் பிரதியைப் பார்க்கட்டும். முகாமுக்குள்ளும் மாட்டுவதானால் 12-க்கு 18 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். நான்கடிச் சந்தில் பின்வாங்கிப் பார்க்க இடமில்லை, பெரிய படம் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

படத்தில் இருப்பவர்களுக்குப் பிரின்ட் கொடுத்தாக வேண்டும். மேட் தாளில் போடுங்கள், பளபளப்புத் தாள் மழைக்காலத்தில் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். பின்பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஈரத்தில் முன்பக்கம்வரை ஊறும். ஆளுக்கு இரண்டு பிரதி கொடுங்கள், சுவரில் மாட்டுவது ஓதத்தில் போனாலும் காகிதங்கள் வைக்கும் தகரப் பெட்டியில் ஒன்று இருக்கும்.